வலி ஓரிடம், வேர் வேறிடம்!

"மாட்டை நிக்கவெச்சே வயித்தைத் திறப்பேன்னு சொல்றீங்களே, அதுக்கு வலிக்காதாம்மா?"

கால்நடை மருத்துவரிடம் அந்த நெசவாளி முதலில் கேட்டது இதைத்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் 40 ஆண்டுகளாகக் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவர். வயது 56. ஓரிக்கை பக்கம் அரை ஏக்கர் நிலம், கொல்லையில் ஒரு கலப்பினப் பசு. செவலை என்று பெயர். தறிக்கூலி தள்ளிப்போகிற மாதங்களில் அந்த வீட்டு அடுப்பு எரிவது செவலையின் பாலால்தான்.

அந்தச் செவலை 10 நாள்களாகச் சரியாகத் தின்னவில்லை. வேளைக்கு 5 லிட்டர் கறந்தது ஒன்றரை லிட்டருக்கு இறங்கிவிட்டது. இடது பக்க வயிறு உப்புவதும் வடிவதுமாக இருந்தது. சாணி கொஞ்சமாக, இறுகி விழுந்தது. பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அசை போடுவதை நிறுத்திவிட்டது.

தெருவில் மாடுகளுக்கு ஊசி போடுகிற ஒருவரை அழைத்து வந்தார்கள். முறையாகப் படித்தவரில்லை. மூன்று நாள் வலி ஊசி போட்டார். ஊசி போட்ட அன்று செவலை கொஞ்சம் தவிடு தின்னும். மறுநாள் பழைய நிலைதான். "வலி குறைஞ்சுதே தவிர, நோவு போகலை. அது எனக்கு அப்ப புரியலை" என்கிறார் நெசவாளி.

அவருக்குப் புரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. ஆறு மாதமாக அவரே அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கம் இறங்கி, கெண்டைக்கால் ஓரமாகப் பாதம் வரை மின்னல் வெட்டுவதுபோல ஒரு வலி. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தறியில் இறங்கிவிடுவார். கால்தானே வலிக்கிறது என்று காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பாவு போல ஓடும் நரம்புகள்

நான்காவது நாள் கால்நடை மருத்துவர் வந்தார். இளம் பெண். இடது பக்க வயிற்றில் காதுக்குழாயை வைத்து நிதானமாகக் கேட்டார். நல்ல மாட்டின் பெருவயிறு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை புரளும். செவலையின் வயிற்றில் சத்தமே இல்லை. கையால் அழுத்தினால் பிசைந்த மாவுபோலக் குழிந்தது.

"மாட்டை வெளியில அவிழ்த்து விடுவீங்களா?"

"சாயங்காலம் ஒரு சுத்து போயிட்டு வரும்மா. கோயில் தெருப் பக்கம், கடைத்தெருப் பக்கம்..."

மருத்துவர் தலையசைத்தார். திருவிழா நாள்களிலும் முகூர்த்த நாள்களிலும் மீந்த சோற்றைக் கவரில் கட்டித் தெருவோரம் வீசுகிறவர்கள் உண்டு. மாட்டுக்குக் கவரைப் பிரிக்கத் தெரியாது. அப்படியே விழுங்கிவிடும். உள்ளே போன பிளாஸ்டிக் செரிக்காது, வெளியேயும் வராது. ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு கயிறும் பந்துமாக வயிற்றிலேயே தங்கிவிடும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். பல மணி நேரம் நடந்த அறுவை சிகிச்சை அது.

செவலைக்கும் அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் நிற்கவைத்தே செய்யலாம் என்று மருத்துவர் சொன்னபோதுதான், வலிக்காதா என்ற அந்தக் கேள்வி வந்தது.

"படுக்கவெச்சா பெருவயிறு உப்பிக்கும். உள்ள இருக்கிறது எதுக்களிச்சு நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. அதனால நிக்கவெச்சு, அந்தப் பக்கத்தை மட்டும் மரத்துப்போக வைப்போம்" என்ற மருத்துவர், நெசவாளியின் கையைப் பிடித்துச் செவலையின் முதுகில் வைத்தார்.

"இது கடைசி விலா எலும்பு. மாட்டுக்கு மார்பு முள்ளெலும்பு 13, இடுப்பு முள்ளெலும்பு 6. கடைசி விலாவுக்குப் பின்னாடி பக்கவாட்டுல இறக்கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அதெல்லாம் இடுப்பு முள்ளெலும்போட நீட்சி. முதல் எலும்போட நுனி சதைக்குள்ள மறைஞ்சிருக்கும். இரண்டாவதுல இருந்து நல்லா தட்டுப்படும். முதுகெலும்புக்கு நடுவுல தண்டுவடம் ஓடுது. ஒவ்வொரு எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவுல, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு நரம்பு ஜோடியா வெளிய வரும். மார்புல 13 ஜோடி, இடுப்புல 6 ஜோடி."

நெசவாளி முதுகை மெதுவாகத் தடவிப் பார்த்தார். "அச்சுக் கண்ணுல பாவு இழை வர்ற மாதிரியாம்மா?"

"அதே மாதிரிதான். வெளிய வந்ததும் ஒவ்வொரு நரம்பும் இரண்டா பிரியும். மேல்கிளை முதுகுத் தசைக்கும் தோலுக்கும் போகும். கீழ்க்கிளை வயித்தைச் சுத்தி இறங்கும். நாம திறக்கப்போற இந்தப் பள்ளத்துக்கு உணர்ச்சி கொடுக்கிறது மூணே நரம்புதான். 13-வது மார்பு நரம்பு, முதல் இடுப்பு நரம்பு, இரண்டாவது இடுப்பு நரம்பு. இந்த மூணையும் வழியில மறிச்சுட்டா தோல், மூணு அடுக்குத் தசை, உள்சவ்வு எல்லாமே மரத்துடும்."

அடுத்து அவர் சொன்னதுதான் நெசவாளியின் மனதில் நின்றது. நரம்புகள் வெளியே வந்த இடத்திலிருந்து நேராக இறங்குவதில்லை. பின்பக்கம் சாய்ந்து ஓடும். அதனால் 13-வது மார்பு நரம்பைப் பிடிக்க முதல் இடுப்பு எலும்பின் நுனிக்குப் போக வேண்டும். முதல் இடுப்பு நரம்பைப் பிடிக்க இரண்டாவது எலும்பின் நுனிக்கு. இரண்டாவது இடுப்பு நரம்பு இன்னும் தள்ளி, நான்காவது எலும்பின் நுனியில் கிடைக்கும்.

"நரம்போட நம்பர் ஒண்ணு, அது கிடைக்கிற எலும்போட நம்பர் வேற. இது தெரியாம குத்தினா மருந்து வீண். இன்னும் பின்னாடி இருக்கிற நரம்பெல்லாம் காலுக்குப் போறது. அது மரத்துப்போனா மாடு மடங்கி விழுந்துடும். அதனாலதான் ஊசி போடத் தெரிஞ்சா மட்டும் போதாதுன்னு சொல்றோம்."

மூன்று நரம்பு, ஒரு சாக்கு பிளாஸ்டிக்

முதல் நாளே தீவனத்தை நிறுத்தச் சொன்னார்கள். மறுநாள் காலை செவலையைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மரச்சட்டத்துக்குள் நிறுத்தினார்கள். இடது பக்க முடியைச் சிரைத்து, கழுவி, மருந்து தடவினார்கள். முதலாவது, இரண்டாவது, நான்காவது இடுப்பு எலும்பு நுனிகளில் மேலே ஓர் ஊசி, கீழே ஓர் ஊசி. மேல் ஊசி மேல்கிளைக்கு, கீழ் ஊசி கீழ்க்கிளைக்கு. மருந்து லிக்னோகெய்ன். நமக்குப் பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிற அதே மருந்துதான்.

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மருத்துவர் ஊசிமுனையால் தோலைக் குத்திப் பார்த்தார். விலாப் பக்கம் குத்தியபோது செவலை தோலைச் சிலிர்த்தது. பள்ளத்தில் குத்தியபோது எந்தச் சலனமும் இல்லை. கத்தி வைத்தபோதும் காதை ஆட்டியபடி முன்னே பார்த்துக்கொண்டு நின்றது. நெசவாளியின் மனைவி அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார்.

பெருவயிற்றைத் திறந்ததும் கை கையாக வெளியே வந்தது. பால் கவர், பூக்கடைக் கவர், சணல் கயிறு, பிளாஸ்டிக் சாக்கின் நூல், ஒரு குழந்தைச் செருப்பின் வார். எல்லாம் பச்சையும் கருப்புமாக முறுக்கிக் கிடந்தன. ஒரு சாக்கு நிறைந்தது. உள்வயிற்றையும் வெளிவயிற்றையும் அடுக்கடுக்காகத் தைத்து முடிக்கும் வரை செவலை நின்றே இருந்தது.

"அந்த ஊசிக்காரரு போட்டதும் வலி ஊசி, நீங்க போட்டதும் வலி தெரியாத ஊசி. இரண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று கேட்டார் நெசவாளி.

"நான் வலியை மறைச்சது, உள்ள போய்க் காரணத்தை எடுக்கிறதுக்கு. அவர் மறைச்சதால காரணம் உள்ளயே இருந்துடுச்சு" என்றார் மருத்துவர்.

செருப்பு சொன்ன சேதி

பிளாஸ்டிக் நிறைந்த சாக்கை எடுத்து ஓரமாக வைக்கக் குனிந்த நெசவாளி அப்படியே நின்றுவிட்டார். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர இரண்டு நிமிடமானது. நடந்தபோது வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவர் கவனிக்கவில்லை. மருத்துவர் கவனித்தார்.

"ஐயா, செருப்பு அடிக்கடி கழலுதா?"

"தேய்ஞ்ச செருப்பும்மா. அது கிடக்கு."

"இடது செருப்பும் அதே அளவுக்குத்தானே தேய்ஞ்சிருக்கு? அது கழலலையே. நான் மாட்டு டாக்டர். உங்களுக்கு வைத்தியம் சொல்றது என் வேலை இல்லை. ஆனா நரம்பு எனக்குத் தெரியும். மாத்திரையோட நிறுத்தாம ஒருமுறை எலும்பு டாக்டரையோ நரம்பு டாக்டரையோ பாருங்க."

தறியில் வெறுங்காலோடு குழிக்குள் மிதிக்கிறவருக்கு, பாதத்தைத் தூக்க முடிகிறதா இல்லையா என்று தெரியவே வாய்ப்பில்லை. மிதிப்பது கீழ்நோக்கி அழுத்துகிற வேலை. போயிருந்ததோ மேல்நோக்கித் தூக்குகிற பலம்.

அவர் போன மருத்துவமனையில் டாக்டர் காலைத் தொடுவதற்கு முன் முதுகைப் பார்த்தார். படுக்கவைத்துக் காலை நீட்டித் தூக்கினார். பாதிக்கு மேல் போவதற்குள் வலி இழுத்தது. பிறகு, "இரண்டு கால் கட்டை விரலையும் மேல தூக்குங்க" என்று சொல்லித் தன் விரலால் அழுத்தினார். இடது கட்டை விரல் எதிர்த்து நின்றது. வலது விரல் மடங்கியது.

"ஐயா, உங்க கால்ல ஒண்ணும் இல்லை. 5-வது இடுப்பு நரம்பு நசுங்கியிருக்கு. நசுங்குற இடம் முதுகுல."

மனிதருக்கு மார்பு முள்ளெலும்பு 12, இடுப்பு முள்ளெலும்பு 5. அத்தனை ஜோடி நரம்புகள். ஒவ்வொன்றும் தன் எண்ணுள்ள எலும்புக்குக் கீழே வெளியேறும். ஒவ்வொரு நரம்புக்கும் இரண்டு வேர்கள். பின்வேர் தொடுகை, சூடு, வலி ஆகிய சேதிகளைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகும். முன்வேர் தண்டுவடத்தின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுவரும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு நரம்பு. அதனால் நரம்பு நசுங்கினால் முதலில் வலியும் மரப்பும் வரலாம். நசுக்கம் அதிகமானால் பலமும் போகலாம்.

மார்பு நரம்புகள் விலா எலும்புக்கு அடியில் ஒவ்வொன்றாகச் சுற்றி வருகின்றன. 4-வது மார்பு நரம்பு முலைக்காம்பு மட்டத்துக்கு, 10-வது தொப்புள் மட்டத்துக்கு. இடுப்பு நரம்புகள் அப்படித் தனித்தனியாகப் போவதில்லை. ஒன்றோடு ஒன்று பின்னிக் கால்களுக்கு இறங்குகின்றன. 2, 3, 4 சேர்ந்து தொடையின் முன்பக்கத்துக்குப் போய் முழங்காலை நீட்டவைக்கின்றன. 4, 5 இரண்டும் கீழே திருவெலும்பு நரம்புகளோடு சேர்ந்து, தொடையின் பின்னால் ஓடும் பெரிய நரம்பாகின்றன. 5-வது நரம்பின் எல்லை கெண்டைக்காலின் வெளிப்பக்கம், பாதத்தின் மேல்புறம், கட்டை விரல். அவருக்கு வலித்த வழியும் அதேதான்.

நான்காவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பின்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. அந்த இடத்தில் 4-வது நரம்பு முன்பே வெளியேறித் தப்பித்துவிடுகிறது. அதைக் கடந்து கீழே போகிற 5-வது நரம்புதான் மாட்டிக்கொள்கிறது. செவலையின் முதுகில் கேட்ட கணக்கு அவருக்கு ஞாபகம் வந்தது. நரம்பின் எண் வேறு, அகப்படுகிற இடத்தின் எண் வேறு.

"துணியில ஓர் இடத்துல கோடு விழுந்தா அங்கயே தேடக் கூடாது. அந்த இழையைப் பிடிச்சுக்கிட்டே விழுதுக்கும் அச்சுக்கும் பின்னால போகணும். 40 வருசமா தறியில இதைத்தான் செய்றேன். என் உடம்புல செய்யணும்னு தோணலை" என்கிறார்.

அம்மாவுக்கு வந்த அக்கி

அன்று டாக்டரிடம் அவர் இன்னொன்றும் கேட்டார். அவருடைய அம்மாவுக்கு 70 வயதில் இடது முதுகிலிருந்து மார்பு வரை பட்டை போட்டதுபோல அக்கி வந்தது. குயவர் வீட்டில் காவி எழுதினார்கள். கொப்புளம் காய்ந்தது. ஆனால் அந்தப் பட்டையில் எரிச்சல் மட்டும் மாதக்கணக்கில் போகவில்லை. முந்தானை பட்டாலே துடிப்பார். அது ஏன் ஒரு பக்கம் மட்டும் வந்தது?

அதுவும் நரம்பின் வழிதான் என்றார் டாக்டர். சின்ன வயதில் சின்னம்மை வந்து போனபிறகு, அதன் கிருமி முழுவதும் அழிவதில்லை. பின்வேரில் உள்ள நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஏதாவது ஒரு நரம்பில் விழித்துக்கொண்டு, அந்த நரம்பு போகிற வழியிலேயே தோலுக்கு வரும். பெரும்பாலும் மார்பு நரம்பு. நரம்பு நடுமார்போடு நின்றுவிடுவதால் அக்கியும் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. கொப்புளம் கண்ட மூன்று நாள்களுக்குள் கிருமிக்கான மாத்திரை தொடங்கினால் நோய் சீக்கிரம் அடங்கும். காவி எழுதுவதால் அந்தக் கிருமி போகாது. காத்திருப்பதில் நாள்தான் போகும்.

ஆறு வாரம் நின்ற தறி

ஜவ்வு பிதுங்கிய பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் வலி குறைந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் விரலில் பலம் குறைந்திருந்ததால் அடிக்கடி வந்து காட்டச் சொன்னார். பாதம் மேலும் தொங்கினால் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். அதுவரை மருந்து, பயிற்சி. குனிந்து பாரம் தூக்கக் கூடாது. தறியில் இறங்கக் கூடாது.

பாதி நெய்த கோர்வைச் சேலை தறியில் நின்றது. கூலி நின்றது. கறவையும் நின்றிருந்தது. அந்த ஆறு வாரம் மகனின் சம்பளத்தில் ஓடியது. "செவலையை முதல் நாளே காட்டியிருந்தா இவ்வளவு இளைச்சிருக்காது. இவரு ஆறு மாசம் முன்னாடி காட்டியிருந்தா தறி நின்னிருக்காது" என்று மனைவி சொல்லிக் காட்டாத நாளில்லை.

செவலைக்கு நல்ல மாடு ஒன்றின் வயிற்று நீரைக் கொடுத்துச் செரிமானத்தைத் தூண்டினார்கள். மூன்றாம் நாள் இரவு கொல்லையில் படுத்தபடி அசை போடத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டு நெசவாளி மனைவியை எழுப்பினார். மருந்து கொடுத்த நாள்களிலும், அதன்பின் மருத்துவர் சொன்ன நாள்வரையிலும் பாலை விற்காமல் கொட்டினார்கள். இப்போது வேளைக்கு 4 லிட்டர் கறக்கிறது. அவிழ்த்து விடுவதில்லை. அரை ஏக்கரில் 10 சென்ட் தீவனப்புல் போட்டிருக்கிறார்கள்.

அவரும் தறிக்குத் திரும்பிவிட்டார். உட்காரும் பலகையை உயர்த்தி, பின்னால் திண்டு வைத்திருக்கிறார். முக்கால் மணிக்கு ஒருமுறை குழியைவிட்டு எழுந்து நடக்கிறார். கட்டை விரலின் பலம் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. காலையில் எழுந்ததும் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கட்டை விரல்களையும் மேலே தூக்கிப் பார்க்கிறார். அதன்பிறகுதான் செவலைக்குப் புல் போடப் போகிறார்.

கவனத்தில் வையுங்கள்

● நாற்று நடுவது, களை எடுப்பது, முதுகில் தெளிப்பான் சுமப்பது, மூட்டை தூக்குவது எல்லாமே இடுப்பு எலும்பின்மீது பாரம் ஏற்றும் வேலைகள். முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குங்கள். தொடர்ந்து குனிந்தே இருக்காமல் நடுநடுவே நிமிர்ந்து நில்லுங்கள்.

● கால் வலியோடு செருப்பு கழல்வது, குதிகாலில் நடக்க முடியாமல் போவது, விரல் தூக்க முடியாமல் போவது ஆகியவை நரம்பு நசுங்குவதன் அடையாளம். மாத்திரையால் தள்ளிப்போடாதீர்கள்.

● இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அவசரத்துக்கு 108.

● ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் கண்டால் மூன்று நாள்களுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

● மாடு அசை போடவில்லை, இடது வயிறு அடிக்கடி உப்புகிறது, சாணி குறைகிறது என்றால் வலி ஊசியோடு விட்டுவிடாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவசரத்துக்கு 1962.

● மாட்டுக்கு மரத்துப்போகும் ஊசியை மருத்துவர் அல்லாதவர் போட அனுமதிக்காதீர்கள். இடம் தவறினால் மாடு விழுந்துவிடும்.

● மீந்த சோற்றைக் கவரில் கட்டி வீசாதீர்கள். மாட்டுக்குப் போட நினைத்தால் கவரைப் பிரித்து, தொட்டியில் கொட்டுங்கள்.